கதிரையும் யன்னலும் தந்த மொழி

யாழ்ப்பாணத்து வீடொன்றிற் கதிரையில் அமர்ந்து, யன்னலைத் திறந்துவைத்து, மேசையிலுள்ள பாணை உண்பவர், தாம் போர்த்துக்கேயச் சொற்களின் நடுவே இருப்பதை நினைப்பதில்லை. அலுமாரி, சப்பாத்து, துவாய் என்பனவும் அவ்வழி வந்தனவே. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தரிடம் கோட்டையை இழந்து அகன்றனர். நாற்பதாண்டும் நிரம்பாத அவ்வாட்சி ஒழிந்த பின்னும் சொற்கள் நிலைத்தன. சொற்களை மட்டுமன்றி மொழியையே காத்து வந்தோர் கீழ்க்கரையில் உளர். அவரே மட்டக்களப்புப் பறங்கியர்.

மட்டக்களப்பிற் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைக்கொண்டனர். ஆள்வோர் மாறினும் பேச்சு மாறவில்லை. போர்த்துக்கேயருக்கும் இந்நாட்டு மகளிர்க்கும் பிறந்தோர் வாயிலாக வளர்ந்த அக்கலப்புமொழி, ஒல்லாந்தரின் வீடுகளிலும் புகுந்தது. 1796இல் ஆங்கிலேயர் கரையோரத்தைப் பெற்றபின் கொழும்புப் பறங்கியர் படிப்படியாக ஆங்கிலத்தைத் தழுவினர். தச்சு, கொல்லு முதலிய கைத்தொழில்களால் வாழ்ந்த மட்டக்களப்பாரோ வீட்டுமொழியைக் கைவிட்டிலர். கோவாவைச் சேர்ந்த தல்காடோ பாதிரியார் 1900இல் இம்மொழிபற்றி லிஸ்பனில் நூலொன்று வெளியிட்டார்.

இதன் சொல் போர்த்துக்கேயம். நடை தமிழ் எனலாம். போர்த்துக்கேயத்தில் வினைச்சொல் செயப்படுபொருளுக்கு முன்னே வரும். இதிலோ தமிழிற்போல இறுதியில் வரும். வேற்றுமை உருபும் பெயர்க்குப் பின்னே ஒட்டும். “எனக்குப் பசிக்கிறது” என நாம் நான்காம் வேற்றுமையாற் கூறும் முறையும் அங்கு உண்டு. ஆகவே கொடை ஒருவழிப்பட்டதன்று. நாம் அவரிடமிருந்து பொருட்பெயர்களைப் பெற்றோம். அவர் நம்மிடமிருந்து வாக்கிய அமைப்பைப் பெற்றனர்.

இருபதாம் நூற்றாண்டிற் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியோரின் பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் தமிழே பேசி வளர்ந்தனர். 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை, டச்பார்க் கரையில் வாழ்ந்த பறங்கியர் பலரின் உயிரைக் கவர்ந்தது. மணவீடுகளிற் காப்ரிஞ்ஞா ஆடல் இன்றும் நிகழினும், மொழியைத் தடையின்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதியோரே. அண்மையில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர் அவர்தம் பேச்சையும் பாடலையும் ஒலிப்பதிவு செய்துள்ளனர்.

ஒரு சிறுமொழி பகையால் மட்டும் அழிவதில்லை. பெருமொழியொன்றின் அன்பான அயலுறவாலும் தேய்ந்து போகும். ஈண்டு அப்பெருமொழி நம் தமிழே. தம் மொழிக்கு உரிய இடத்தை நெடுங்காலம் வேண்டி நின்ற நாம், தமிழின் நிழலில் ஒடுங்கும் மொழியைக் காணாதிருத்தல் முறையாகுமோ? கடல் கடந்து வந்து பிறர் கேட்டு எழுதிய சொற்களை, ஒருநாட் பயணத்தில் எட்டக்கூடிய நம் மாணவரும் சென்று கேட்பாராக. அக்கடனை நாடோறும் நாம் அமரும் கதிரையே நினைவூட்டும்.