உப்பு மண்ணும் கபுறுகளின் வயதும்

பரந்தன் என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு இரசாயனத் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின்சாரம் செலுத்தி, காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம். தொழிற்சாலை போரிலே பாழாயிற்று. களப்போரத்து மண்ணில் உப்பு மட்டும் இருக்கிறது. மறைக்கப்பட்ட கபுறுகளைத் தேடுவோர்க்கு இந்த உப்பே பெரிய சங்கடம்.

மையித்து கரையும்போது அதன் நீர் சுற்றியுள்ள மண்ணில் இறங்குகிறது. அந்நீரில் கொழுப்பமிலங்கள், அமோனியம், சோடியம், பொட்டாசியம், குளோரைட்டு, சல்பேற்று யாவும் உண்டு. அமெரிக்காவின் டெனசியில் ஆர்பட் வாஸ் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வு, இவற்றின் அளவையும் நாள்தோறும் சேரும் வெப்பத்தையும் கொண்டு மரணத்தின் காலத்தைக் கணித்தது. 1285ஐச் சராசரி வெப்பநிலையால் வகுத்தால், நிலத்தின்மேல் கிடக்கும் உடல் எலும்பாகும் நாட்கள் கிடைக்கும். 28 பாகை செல்சியஸ் என்றால் ஏறத்தாழ 46 நாட்கள். புதைத்த உடலுக்கு இன்னும் நாளாகும். ஆனாலும் அமிலங்கள் நிலைப்பதில்லை. ஒவ்வொரு மாரியும் உப்புக்களைக் கழுவிச் செல்லும். களப்பு மண்ணிலோ சோடியமும் குளோரைட்டும் முன்பே நிறைந்திருக்கின்றன. உவர்நிலம் ராடர் அலையையும் விழுங்கிவிடும். நெடுநாள் எஞ்சுவது பொசுபேற்று. அது இடத்தைக் காட்டும், வயதைச் சொல்லாது.

வயதுக்கு எலும்பு வேண்டும். மன்னார் சதொச வளாகத்தில் 2018இல் தோண்டத் தொடங்கி முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றில் ஆறு மாதிரிகள் கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019இல் புளோரிடா ஆய்வுகூடம் அறிவித்தது. ஆறு பேர் முந்நூறு பேருக்காகப் பேசலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 1950களின் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பின் வாழ்ந்தோர் எலும்பிற் கதிர்க்கரி கூடுதலாக இருக்கும். அந்த ஆறில் அது இருந்திருந்தால் தப்பியிராது. கொக்குத்தொடுவாயில் 2023இல் நீர்க்குழாய்க்கு வெட்டியபோது வெளிப்பட்ட புதைகுழியில் 52 பேர். அங்கே காலத்தைச் சொல்ல உதவியவை உடைகளும் உடனிருந்த பொருட்களுமே.

இதையெல்லாம் நான் வாசிக்கத் தொடங்கியது குருக்கள்மடத்துக்காகத்தான். 1990 ஜூலையில் காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம்கள், ஹஜ்ஜிலிருந்து திரும்பியோர் உட்பட, விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்குக் கபனில்லை, ஜனாஸாத் தொழுகையில்லை. அந்த மண் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தோண்டப்படாமலே கிடந்தது. (2020இல் நிலத்தடி நீரைச் சொல்லி நம் ஜனாஸாக்களை எரிக்கும்போது எத்தனை அவசரம்! 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.)

கரையோர மணல் பொசுபேற்றைக்கூட நன்றாகப் பிடித்து வைக்காது. பல்லில் மரபணு எஞ்சலாம். அதை ஒப்பிட இரத்த உறவினர் வேண்டும். அவர்களின் மாதிரியை எடுத்துவைக்க எந்தக் குழியும் தோண்டவேண்டியதில்லை. அன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த வாப்பா, உம்மாமார் ஒவ்வொருவராக மௌத்தாகி வருகிறார்கள்.