சத்திரம் முதல் லாட்ஜ் வரை: பாலாற்றுப் பகுதியில் வழிப்போக்கர் தங்கலின் வரலாறு

பாலாற்றுப் பள்ளத்தாக்கு சென்னையையும் மைசூர் மேட்டுநிலத்தையும் இணைக்கும் பழைய வழி. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை அதன்மேல் அமைந்தவை. சற்று வடக்கே கௌண்டின்ய நதிக்கரையில் குடியாத்தம் இருக்கிறது. இவ்வழியில் வந்துபோனோரின் தங்கலிடங்கள் மாறியபோதெல்லாம், முன்பின் அறியாதவர்கள் ஒருவரோடொருவர் பழகும் வாய்ப்பும் மாறியது. அதைப் பெரிதும் தீர்மானித்தது சமையலும் பந்தியும் நடந்த முறையே.

சத்திரங்களின் காலம்

கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் பயணம் செய்த காலத்தில் சத்திரம், சாவடி, கோயில் மண்டபம், வீட்டுத் திண்ணை ஆகியவையே இரவுத் தங்கல்கள். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கிவைக்கச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. மதுரையில் ராணி மங்கம்மாளும் தஞ்சையில் மராத்திய மன்னர்களும் சத்திரங்கள் பல கட்டினர். இரண்டாம் சரபோஜி 1801-இல் எழுதிய கடிதம் தஞ்சைச் சத்திரங்களின் நடைமுறையை விவரிக்கிறது. எல்லாச் சாதியினருக்கும் சோறு உண்டு. சமைத்ததை ஏற்காதவர்கள் அரிசியும் மளிகையும் பெறலாம். நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர்களை அழைப்பார்கள். நோயாளிக்கு மருத்துவமும் உண்டு. வேறு பல சத்திரங்களில் சமைத்த உணவு பிராமணருக்கு மட்டுமே கிடைத்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு உள்ளே இடமில்லை. ஒரே கூரையின் கீழ்ப் படுத்தவர்களும் பந்தியில் பிரிந்தே இருந்தனர்.

ரயிலும் லாட்ஜும்

1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பின்னர் பாதை குடியாத்தம், ஆம்பூர் வழியாக மேற்கே நீண்டது. பல நாள் நடை சில மணி நேரமாகச் சுருங்கியதால் சாலையோரச் சத்திரங்கள் பொலிவிழந்தன. தங்கலிடங்கள் நிலையத்தருகே நகர்ந்தன. சென்னை சென்ட்ரல் அருகே ராமசாமி முதலியார் சத்திரமும் சித்தீக் சராயும் எழுந்தன. ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் வணிகத்தின் சென்னைச் சந்தையான பெரியமேடும் அங்கிருந்து நடந்தே செல்லும் தொலைவில் உள்ளது. குடியாத்தம் ரயில் நிலையமோ ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி அமைந்தது.

வாடகை லாட்ஜுகள் பெருகியபோது, பணம் கொடுத்தவருக்குத் தனியறையும் பூட்டும் கிடைத்தன. சாதி கேட்கும் வழக்கம் தளர இது உதவியது; அதே நேரம் சத்திரத்தில் பலர் சேர்ந்து தங்கிய பொதுக்கூடம் மறைந்தது.

இளைஞர் விடுதியும் மருத்துவ லாட்ஜும்

ஜெர்மனியில் ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் 1912-இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதியைத் திறந்தார். குறைந்த கட்டணம், பலர் உறங்கும் கூடம் ஆகிய அதன் கூறுகள் உலகெங்கும் பரவின. தமிழகத்தின் கிழக்குக் கரையில் முதுகுப்பைப் பயணிகளை மாமல்லபுரத்தின் சிறு விடுதிகள் ஈர்த்தன.

பாலாற்றுப் பகுதியில் இளைஞர் விடுதிக்கு நெருக்கமான நிகழ்கால வடிவம் வேலூர் லாட்ஜுகள். மருத்துவ மிஷனரி ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக (சி.எம்.சி.) வளர்ந்திருக்கிறது. மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் ஆகிய இடங்களிலிருந்து வரும் குடும்பங்கள் காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி, மருத்துவமனையின் சுற்றுத்தெருக்களில் வாரக்கணக்கில் தங்குகின்றன. வங்க எழுத்தில் பெயர்ப்பலகைகள் உள்ளன. பல லாட்ஜுகளில் சமைத்துக்கொள்ள வசதி உண்டு. எந்த மருத்துவரைப் பார்ப்பது, எந்தக் கடையில் மீன் கிடைக்கும் என்பவற்றைப் புதிதாக வந்தவருக்கு முன்பே வந்தவர் சொல்லித்தருகிறார். நீண்ட காத்திருப்பும் சமையல் வசதியும் சேர்ந்த இடத்தில், வழித்துணை மீண்டும் உருவாகியிருக்கிறது.