கோட்டமும் பெண்டும்: தமிழ்ச் சைக்கிள் வழக்குகள் பிறந்த இடம்

ஐரோப்பியச் சைக்கிள் சொல்வழக்குகளின் வேரைத் தேடினால் பெரும்பாலும் பந்தயத்தில் போய் முடியும். 1911 பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் மொரீஸ் ப்ரொக்கோ தன் வெற்றியை விட்டு இன்னொரு வீரருக்குத் துணைபோகிறார் என்று ஆத்திரப்பட்ட ஆன்ரி தெக்ராஞ்ச், அவரை ‘தொமெஸ்தீக்’, அதாவது வீட்டு வேலைக்காரன், என்று ஏசினார். தெக்ராஞ்ச் பந்தயத்தை நடத்தியவர், பத்திரிகை ஆசிரியரும்கூட. அந்த வசவு இன்று, அணித்தலைவருக்காக உழைக்கும் வீரரின் பதவிப்பெயராகிவிட்டது. தமிழில் சொல்லிக்கொள்ளும்படியான பந்தய மரபு இல்லை, வழக்குகளுக்கோ பஞ்சமில்லை. அவை வாடகைச் சைக்கிள் கடையிலும் பஞ்சர் கடையிலும் பிறந்தவை என்பதே என் வாதம்.

முதலில் குரங்குப் பெடல். 22 அங்குல, 24 அங்குல ஆண்கள் சைக்கிளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சிறுவனுக்குச் சீட்டு எட்டாது. பாருக்குக் கீழே, முக்கோணச் சட்டத்துக்குள் வலது காலை நுழைத்து, உடலை ஒருபக்கம் சாய்த்து மிதிப்பான். இதன் இன்னொரு பெயரான ‘அரைப்பெடல்’ கேலிப்பெயரே இல்லை; துல்லியமான தொழில்நுட்ப விவரணை. கால் முழுச் சுற்று வராததால் பாதி மிதித்து, பின்னால் இழுத்து, மறுபடி மிதிப்பான். பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இருப்பதால்தான் இது நடக்கும். பெடலும் சக்கரமும் ஒன்றாகவே சுற்றும் வண்டியில் நடக்காது. இதே ஓட்டத்தை இந்திக்காரர்கள் ‘கைஞ்சி’, கத்தரிக்கோல், என்கிறார்கள். இரண்டு மொழிகள் ஒன்றையொன்று பாராமல் தனித்தனியே பெயரிட்டதற்குக் காரணம் ஒன்றுதான்: வண்டி பெரியது, ஆள் சிறியவன், கையில் இருந்த காசுக்கு வேறு வண்டி இல்லை. 2024இல் கமலக்கண்ணன் இயக்கிய படத்துக்கு ‘குரங்கு பெடல்’ என்று பெயர் வைத்தபோது நடுவயதினருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டிருக்கும்.

அடுத்தது ‘கோட்டம்’. குழியில் இறங்கிய சக்கரம் நெளிந்துவிட்டால் கடைக்காரர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிடுவார். ரிம்முக்கு மிக அருகே ஒரு சாக்கட்டியைப் பிடிப்பார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே வளைவு. அந்த இடத்தில் எதிர்ப்பக்கப் போக்ஸ் கம்பியை நிப்பிள் சாவியால் இறுக்கி, இந்தப்பக்கத்ததை இளக்கி, மறுபடி சுற்றுவார். இதற்குக் கோட்டம் எடுத்தல் என்று பெயர். கோட்டம் என்பது திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில், 119ஆம் குறளில், வரும் அதே சொல். புலவர்கள் உரைநூல்களில் காப்பாற்றியதைப் பஞ்சர் கடைக்காரர் தொழிலில் காப்பாற்றியிருக்கிறார்.

இங்கிருந்துதான் ‘பெண்டு எடுத்துட்டான்’ என்பதையும் நான் புரிந்துகொள்கிறேன். பெண்டு ஆங்கிலக் கடன், அதில் சந்தேகமில்லை. அது கார் பட்டறையிலிருந்து வந்திருக்கலாமே என்று கேட்கலாம். ‘பெண்டு நிமிர்த்துதல்’ என்ற வடிவத்துக்கு அந்த மூலம் பொருந்தும். சுத்தியலால் தகட்டை நிமிர்த்துவது பட்டறை வேலை. ஆனால் ‘எடு’ என்ற வினை சைக்கிள் கடையில் கோட்டத்தோடு ஏற்கெனவே ஒட்டியிருந்தது. கோட்டம் இருந்த இடத்தில் பெண்டு வந்து உட்கார்ந்தது, வினை மாறவில்லை. பெயர்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு சொல்வரலாறு எழுதுபவர்கள் இந்தத் தடயத்தைத் தவறவிடுகிறார்கள்.

இன்னொரு ஊற்று போலீஸ்காரர். ‘டபுள்ஸ்’ போவதும் விளக்கில்லாமல் போவதும் குற்றமாக இருந்த காலத்தில், பிடிபட்டவரின் டியூப்பிலிருந்து காற்றைப் பிடுங்கிவிடுவது அந்த இடத்திலேயே தரும் தண்டனை. ஜம்பமாகப் பேசுபவரை அடக்குவதற்குக் ‘காத்தப் புடுங்கிட்டான்’ என்பதில் அந்த அவமானம் அப்படியே இருக்கிறது. மிதிவண்டி, ஈருருளி, இலங்கையின் துவிச்சக்கர வண்டி ஆகிய மேடைச் சொற்களிலிருந்து இப்படி ஒரு கிளைகூட முளைக்கவில்லை. யாழ்ப்பாணத்தார் சைக்கிளை ‘உழக்கு’வதும், அதாவது மிதிப்பதும், மேடையிலிருந்து வந்ததல்ல, காலிலிருந்து வந்த சொல்தான்.

இந்த வாதத்தைச் சோதிக்க ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடம் பொருத்தமான இடம். ஒரகடத்தில் 2013 முதல் மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டின் மூதாதையான, இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனம் மோட்டார் சைக்கிளுக்கு முன் செய்தது சைக்கிள்தான். வல்லம் வடகாலில் யமஹா, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். இத்தனை வண்டி செய்யும் ஊரில் புதிய வழக்குகள் குவிந்திருக்க வேண்டும். ஆனால் ஆலைக்குள் வந்த கைசன், கான்பான், ஃபைவ் எஸ் ஆகிய ஜப்பானிய உற்பத்தி முறைச் சொற்கள் எல்லாம் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிட்டன. மனைவியைச் சமாதானப்படுத்தவோ நண்பனைக் கேலி செய்யவோ அவற்றை யாரும் எடுப்பதில்லை. இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குபவர் இன்றும் ‘பெண்டு எடுத்துட்டாங்க’ என்றே சொல்கிறார். அசெம்பிளி லைனில் ஒருவர் கைக்கு வருவது ஒரு போல்ட். முழு வண்டி வருவதில்லை. பஞ்சர் கடையில் ஓட்டுபவரும் பழுது பார்ப்பவரும் ஒன்றாகக் குந்தி வண்டியின் உள்ளுறுப்பைப் பார்க்கிறார்கள். வேலை நடக்கும் நேரம் முழுக்கப் பேச்சும் நடக்கிறது. வழக்கு பிறக்க அது போதும்.

ஊற்று வற்றுவதும் உண்மை. 2001-02இல் தொடங்கிப் பின்னர் விரிந்த அரசின் சைக்கிள் திட்டம் மாணவிகளுக்குப் பார் இல்லாத வண்டியைக் கொடுத்தது. வாடகைக் கடையும் போனது, குரங்குப் பெடலுக்கான தேவையும் போனது. நல்லதுதான், சொல்லுக்காக யாரும் கால் சிராய்க்க வேண்டியதில்லை.

இந்தத் தொழில்தடத்தின் வரிசை வீடுகளில் வடமாநிலத் தொழிலாளர்களின் பழைய சைக்கிள்கள் இன்னும் நிற்கின்றன. கைஞ்சி ஓட்டியவரும் குரங்குப் பெடல் போட்டவரும் ஒரே கடையில் காற்றடிக்கிறார்கள். சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் சுங்குவார்சத்திரம், படப்பை, வாலாஜாபாத் சாலைகளின் கடைகளில் சொற்களைத் திரட்ட வேண்டும். திரட்டும்போது பெயர்ச்சொல்லோடு நிறுத்தாமல், எந்த வினையோடு, எந்த வேலையின்போது சொன்னார் என்பதையும் சேர்த்துப் பதியுங்கள்.