கனவும் கம்பவாதமும்

சேந்தமங்கலத்திற்குக் கிழக்கே எழுந்து நிற்கும் கொல்லிமலைச் சாரலில் பூனைக்காலி என்றொரு கொடி வளர்கிறது. அதன் காயிலுள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். இக்கொடியின் விதைக்கும், திண்ணையில் உறங்கும் முதியவர் நள்ளிரவில் கூச்சலிட்டுக் காலை உதைப்பதற்கும் உறவுண்டு என்றால், மாணவ நண்பர்களே, நீங்கள் வியப்படையக்கூடும்.

கனவு மிகுந்த உறக்கத்தின்போது மூளைத்தண்டானது கைகால் தசைகளைச் செயலற்றுக் கிடக்கச் செய்கிறது. கனவில் ஓடினும் நாம் பாயிலேயே கிடப்பது இதனாலேதான். 1965-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரில் மிஷெல் ழூவே என்பாரும் அவர் துணைவரும் பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் சிதைத்தனர். அப்பூனைகள் உறங்கியபடியே எழுந்து, எதிரே இல்லாத இரையின்மீது பாய்ந்தன! மனிதரிடத்தும் இக்கோளாறு உண்டென்பதை 1986-இல் அமெரிக்க மருத்துவர்களான ஷெங்கும் மஹோவால்டும் விளக்கினர். இவ்வாறு கனவை நடித்த, ஐம்பது வயது கடந்த ஆடவர் 29 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், 11 பேருக்குப் பார்க்கின்சன் நோயின் குறிகள் தோன்றியதாக 1996-இல் அறிவித்தனர். 2013-இல் வெளியான கணக்கிலோ, ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அந்நோய்க்கோ அதனையொத்த மூளை நோய்க்கோ ஆளாகியிருந்தனர்.

நம் நாட்டு வைத்தியர் கம்பவாதம் என்றழைத்த இந்நடுக்கத்தை, 1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைக் கண்டு எழுதினார். அவருள் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி. உறக்கம் கெடுவதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. மூளையில் டோபமின் என்னும் பொருள் குன்றுவதே நடுக்கத்திற்குக் காரணம் என்பது 1960-இல் வியன்னாவில் தெளிவாயிற்று. அப்பொருளாக மாறவல்ல லெவோடோபாவை மிகுந்த அளவில் கொடுத்து, 1967-இல் நியூயார்க்கில் கோட்சியாஸ் நோயாளிகளை நடமாடச் செய்தார்.

அந்த லெவோடோபாவைத்தான், முப்பது ஆண்டுகட்கு முன்பே, 1937-இல், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தனர். அவர்கள் மருந்து தேடியவர்கள் அல்லர். விதையில் என்ன இருக்கிறது என்று தேடியவர்கள். மேலைநாட்டில் நிகழ்ந்திருந்தால் நம் பாடநூல்களில் இச்செய்தி என்றோ இடம்பெற்றிருக்கும்!

ஆயினும் விதையை இடித்துத் தாமே உண்பது ஆபத்து, அளவு தெரியாது. உறக்கத்தில் பேசுவோர் யாவரும் நோயாளர் என்பதும் இல்லை. தாத்தா கனவில் யாரையோ அடிக்கிறார் என்றால், பேய் பிடித்ததென்று வேப்பிலை தேடி ஓட வேண்டாம். அவரைத் திண்ணையிலிருந்து தரைப்பாய்க்கு மாற்றி, அருகிலுள்ள செம்பையும் விளக்கையும் அகற்றிவைத்து, நரம்பியல் மருத்துவரிடம் அதனைச் சொல்லுங்கள். வரப்போகும் நோயைத் தடுக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை. அதனைத் தேடுவோர் இத்தகைய முதியவர்களிடமிருந்தே தம் ஆராய்ச்சியைத் தொடங்குகின்றனர்.