காசிக்கே முதல் கவுதில்யோ வரை: ஸ்பானிய மொழியில் அடக்கியாள்பவரின் பெயர்கள்

அடக்கியாளும் இயல்புடையவரைக் குறிக்க ஸ்பானிய மொழியில் வழங்கும் சொற்களில் காசிக்கே, கவுதில்யோ ஆகிய இரண்டுக்கும் நீண்ட அரசியல் வரலாறு உண்டு. தொடக்கத்தில் இரண்டுமே வசைச் சொற்கள் அல்ல. தலைவனைக் குறித்த அவற்றில் இன்றைய கசப்பை ஏற்றியது, அவற்றைத் தாங்கியவர்கள் அதிகாரத்தைக் கையாண்ட விதமே.

காசிக்கே கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தயீனோ மக்களின் சொல். குலத் தலைவரை அவர்கள் அப்படி அழைத்தனர். 1492 டிசம்பரில் கொலம்பஸின் சாந்தா மரியா கப்பல் ஹிஸ்பானியோலா தீவருகே தரைதட்டியபோது, அதிலிருந்த பொருள்களைக் கரைசேர்க்க உதவியவர் குவாக்கனகரி என்ற காசிக்கே. 1503-இல் ஆளுநர் நிக்கோலாஸ் தே ஓவாந்தோ ஹராகுவா பகுதித் தலைவர்களைக் கொன்றொழித்தார். தலைவி அனக்காவோனா தூக்கிலிடப்பட்டார். போர், கட்டாய உழைப்பு, அம்மை நோய் ஆகியவற்றால் தயீனோ சமூகம் சில பத்தாண்டுகளில் சிதைந்தது. அவர்களுடைய சொல்லோ ஸ்பானியருடன் மெக்சிகோவுக்கும் பெருவுக்கும் சென்றது. அங்கிருந்த தலைவர்களுக்குத் தத்தம் மொழிகளில் வேறு பட்டங்கள் இருந்தும், காலனி அரசு எல்லோரையும் காசிக்கே என்றே எழுதியது.

காலனி ஆட்சியில் காசிக்கே இருபுறமும் இழுபட்டார். அவருக்குத் திறை விலக்கு உண்டு. சொந்த மக்களிடம் திறை தண்டுவதும், ஆண்டிஸ் மலைப் பகுதியில் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்புவதும் அவர் பொறுப்பு. மக்களைக் காத்தவரும் இருந்தனர். கசக்கிப் பிழிந்தவரும் இருந்தனர். 1780-இல் பெருவில் பெருங்கிளர்ச்சியைத் தொடங்கிய இரண்டாம் துபாக் அமாருவும் ஒரு காசிக்கேதான். அவர் 1781-இல் குஸ்கோவில் கொல்லப்பட்டார். 1825-இல் விடுதலைப் போர்த் தலைவர் சீமோன் பொலிவார் அந்தப் பட்டத்தையே சட்டப்படி ஒழித்தார்.

இதற்கிடையே சொல் கடல் கடந்து ஸ்பெயினில் வேறு பொருள் பெற்றிருந்தது. ஊரில் மிகுந்த செல்வாக்குடன் எல்லோரையும் அஞ்சிப் பணியவைக்க முயல்பவர் என்ற பொருளை, ஸ்பானிய மொழிக் கழகத்தின் முதல் அகராதி 1729-இலேயே பதிந்தது. 1874-இல் முடியாட்சி மீண்டபின் இந்தப் பொருள் நாட்டின் அரசியலாகவே மாறியது. கானோவாஸின் பழமைவாதிகளும் சகாஸ்தாவின் தாராளவாதிகளும் முறைவைத்து ஆண்டனர். வெல்ல வேண்டியவர்களின் பட்டியலை உள்துறை அமைச்சகம் முன்கூட்டியே வகுக்கும். ஊர்க் காசிக்கே அதற்கேற்ப வாக்குகளைச் சேர்ப்பார். வேலை, குத்தகை நிலம், கடன், வழக்கு எனப் பலவும் அவர் தயவில் இருந்ததால், 1890-இல் ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தும் பிடி தளரவில்லை. வாக்குச்சீட்டுகளைச் சமையல் பானையில் ஒளித்துவைத்து எண்ணிக்கையை மாற்றியதால், தேர்தல் மோசடிக்குப் பானையின் பெயரிலிருந்தே புசெராசோ என்ற சொல் பிறந்தது. 1901-இல் எழுத்தாளர் ஹொவாக்கீன் கோஸ்தா, ஸ்பெயினின் உண்மையான ஆட்சிமுறை காசிக்கேக்களின் ஆதிக்கமே என்று வாதிட்டார். அந்த ஆதிக்கத்தைச் சுட்டும் காசிக்கிஸ்மோ என்ற சொல் அவர் நூல் வழியே நாடெங்கும் பேசப்பட்டது. 1923-இல் தளபதி பிரீமோ தே ரிவேராவின் ராணுவப் புரட்சி அந்தக் கட்சி முறையைக் கலைத்தது.

கவுதில்யோ இலத்தீனில் தலையைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. முதலில் படைத்தலைவரைக் குறித்தது. விடுதலைப் போர்களுக்குப்பின் லத்தீன் அமெரிக்காவில் சட்டத்தைவிடத் தம் குதிரைப்படையையும் தனிப்பட்ட விசுவாசத்தையும் நம்பி ஆண்டவர்களுக்கு அது பெயரானது. புவனோஸ் ஐரஸை 1852 வரை ஆண்ட ஹுவான் மனுவேல் தே ரோசாஸ் அவர்களில் பெயர்பெற்றவர். அவரை எதிர்த்துச் சிலியில் புலம்பெயர்ந்து வாழ்ந்த எழுத்தாளர் சார்மியந்தோ, 1845-இல் ‘ஃபகுந்தோ’ நூலை எழுதி அந்த ஆட்சிமுறையைக் கடுமையாகச் சாடினார். ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவோ அதே சொல்லைப் பெருமைக்குரிய பட்டமாக ஏற்றார். இறையருளால் ஸ்பெயினின் கவுதில்யோ என்று நாணயங்களிலும் பொறித்தார்.

இவ்விரு சொற்களோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொன்று கமோனல்; பெருவில் பூர்வகுடிகளை ஒடுக்கிய நிலக்கிழார் அப்படி அழைக்கப்பட்டார். பெருவின் சிந்தனையாளர் மரியாத்தெகி 1928-இல் வெளியிட்ட கட்டுரைகளில், பூர்வகுடிச் சிக்கலின் வேர் நில உடைமையில் உள்ளது என்று காட்டி, கமோனல்களின் ஆதிக்கமான கமோனலிஸ்மோவை விரிவாக அலசினார்.

வீட்டிலும் அலுவலகத்திலும் ஏவிக்கொண்டே இருப்பவரைச் சுட்டும் மந்தோன், மந்தமாஸ் ஆகியவை கட்டளையிடுதல் என்ற வினையிலிருந்து வந்த பேச்சுச் சொற்கள். அப்படிப்பட்ட பெண்ணை ஸ்பெயினில் மாரிமந்தோனா என்பர். இவை ஒருவரின் குணத்தைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. காசிக்கே என்பதோ இன்றும் வேலையையும் நிலத்தையும் வாக்கையும் ஒரே கையில் வைத்திருப்பவரையே முதலில் சுட்டுகிறது.