தொழில் பழகுநர்க்குப் படியளந்தவர் யார்?

பெங்களூரில் கட்டடச் சாமான் வியாபாரம் எனக்கு. கடைக்கு வரும் கொத்தனாரிடம், "யாருகிட்ட தொழில் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டால், "எங்க மாமாகிட்ட" என்பார். பெரிய ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கைக் கேட்டால், கம்பெனி பெயரைச் சொல்லிச் சான்றிதழையும் காட்டுவார். இருவருமே கைதேர்ந்தவர்கள்தாம். ஒருவருக்கு மட்டும் எழுத்து இருப்பானேன்? விடை நம் நாட்டுச் சட்ட வரலாற்றில் இருக்கிறது.

தொழில் பழகுநர் பற்றிய பழைய சட்டம் 1850-இல், கும்பினி ஆட்சியில் வந்தது. அநாதைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் கருதி எழுதப்பட்டது அது. 10 வயதுக்கு மேல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தகப்பனாரோ காப்பாளரோ ஒப்பந்தம் எழுதி, 7 ஆண்டுக்கு மிகாமல் ஒரு முதலாளியிடம் விடலாம். பையன் உழைப்பான், முதலாளி கற்றுத்தருவார். கற்கும் செலவைக் கற்பவனே உழைத்துக் கழித்தான் எனலாம்.

சுதந்திர இந்தியாவின் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. குறித்த தொழில்களில் கம்பெனிகள் பழகுநரைச் சேர்த்தே ஆகவேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவேண்டும். மாதாமாதம் உதவித்தொகை தரவேண்டும். முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. ஒரே கூரை, நிரந்தர ஆட்கள், வருகைப் பதிவேடு என்றிருந்த மோட்டார் தொழிலுக்கு இது பொருந்திப் போயிற்று. கட்டடத் தொழிலில் அப்படியில்லை. கட்டடம் முடிந்தால் ஆட்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் மேஸ்திரியின் ஆட்களே தவிர, கம்பெனியின் ஆட்கள் அல்லர். பதிவேட்டில் பேர் இல்லாதவனுக்குப் பழகுநர் எப்படி வருவான்?

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன், வந்தவாசிப் பக்கத்து உறவுக்காரப் பையன் ஒருவனை இங்கே ஒரு வண்டிப் பட்டறையில் சேர்த்துவிட்டேன். டீக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் காசு கொடுத்து, இரண்டு வருடம் வேலை வாங்கினார்கள். இன்ஜினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டான். ஆனால் வேறு கம்பெனியில் வேலை கேட்டபோது, "எழுத்து எங்கே?" என்றார்கள். பையன் ஊருக்கே திரும்பிவிட்டான். பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்க எனக்கே தெரியவில்லையே!

பிற்காலத்தில் கம்பெனிகள் தாமாகவும் முன்வந்தன. எல் அண்டு டி 1995-இல் சென்னையில் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையம் தொடங்கியது. நம் பெங்களூருக்கு அருகே பிடதியில் டொயோட்டா 2007-இல் தொழிற்பயிற்சிப் பள்ளி தொடங்கி, கர்நாடகக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்றாண்டுப் படிப்பு தந்தது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒப்பந்தக்காரர் வழியாக வரும் ஆட்களையும் கணக்கில் சேர்த்தது. கொத்தனார் வகையறாவுக்கு இது பெரிய கதவு திறந்த மாதிரி. 2016 ஆகஸ்டில் வந்த மத்திய அரசுத் திட்டம், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, தான் ஏற்றது. ஆக, பையன் சுமந்த செலவு கம்பெனிக்கும், பின்னர் ஓரளவு அரசுக்கும் மாறிய கதை இது.

எங்கள் சமண மரபில் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானம் ஒன்று. கைத்தொழில் கற்பிப்பதும் அதில் அடங்கும் என்பது என் எண்ணம். ஆனாலும் தானத்தைக் கொடுப்பவர் நினைத்தால் நிறுத்திவிடலாம். சட்டமோ அதைக் கற்பவனின் உரிமையாக்கியது.

ஊரிலிருந்து பிள்ளைகள் நம்மை நம்பித்தானே வருகிறார்கள். சேர்த்துவிடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒப்பந்தம் பதிவாகுமா? உதவித்தொகை எவ்வளவு? முடிவில் சான்றிதழ் உண்டா? பயிற்சி முடித்தால் அங்கேயே வேலை தரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவேதான் கையில் எழுத்து இருப்பது அவசியம். அன்று நான் கேட்காமல் விட்டதை நீங்களாவது கேளுங்கள்.