ஜான் டென்வர் விமான விபத்து (1997)

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் தனியாக ஓட்டிச் சென்ற லாங்-ஈஸி விமானம் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்தது, அவர் உயிரிழந்தார். பர்ட் ரூட்டன் வடிவமைத்த இச்சிறு விமானத்தை ஆர்வலர்கள் தாங்களே கட்டிக்கொள்வார்கள். மூல வடிவமைப்பில் விமானியின் கால்களுக்கிடையே இருந்த எரிபொருள் தொட்டிகளை மாற்றும் பிடியை, டென்வர் ஓட்டிய விமானத்தைக் கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். மிகக் கவலைக்குரிய மாற்றம் இதுவே. பிடியைத் திருப்ப டென்வர் உடலை வளைத்தபோது, வலது சுக்கான் மிதி அவரையறியாமல் அழுத்தப்பட்டுக் கட்டுப்பாடு பறிபோனது என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது. பிடியிலும் எரிபொருள் அளவுகாட்டியிலும் குறியீடுகள் இல்லாததையும், புறப்படுமுன் எரிபொருள் நிரப்பாததையும் அது சுட்டியது. டென்வர் அனுபவமுள்ள விமானிதான். ஆனால் புதிதாக வாங்கிய இவ்விமானத்தில் அவருக்குப் பழக்கம் குறைவு. கட்டுப்பாடு பறிபோனபோது விமானம் ஏறத்தாழ 500 அடி உயரத்திலேயே பறந்ததால், அதை மீட்டு நிமிர்த்த இடைவெளி இருக்கவில்லை.